துத்தம் கலந்த மாவு

பட்டாசுக்கு வெடிக்குழாய் சுற்ற எங்கள் வீட்டுக்குப் பழைய புத்தகங்கள் வரும். கம்பெனி வண்டி கட்டுக் கட்டாக இறக்கிவிட்டுப் போகும். அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, தாளைக் கம்பியில் சுற்றிப் பசை தடவி ஒட்ட வேண்டும். நாரணாபுரத்தில் அப்போது வீட்டுக்கு வீடு இதே வேலைதான். எனக்கு ஒன்பது வயது. நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன். இப்போதும் அப்படித்தான்.

ஒரு லோடில் தடியாக ஒரு இங்கிலீஷ் புத்தகம் வந்தது. என் மாமா, அம்மாவின் தம்பி, அந்தக் கம்பெனி முதலாளியின் அச்சாபீஸில் எழுத்துக் கோர்க்கிறவர். பதினோராவது வரை படித்தவர். இங்கிலீஷ் வார்த்தைகள் எப்படிப் பிறந்தன, முதலில் என்ன அர்த்தம் இருந்தது என்றெல்லாம் இதில் போட்டிருக்கிறது என்றார். வார்த்தைகூடப் பிறக்குமா? அன்றிலிருந்து அவர் வேலை முடிந்து வந்ததும் ஒரு பக்கத்தை நீட்டிக்கொண்டு நிற்பேன். ஜன்னலுக்குச் சொல்கிற விண்டோ, முதலில் காற்றின் கண் என்று இருந்ததாம். அது என்னைப் பார்க்கிறதா என்று ரெண்டு நாள் எங்கள் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் 'லேடி' வந்தது. லேடி டாக்டரை எனக்குத் தெரியும். முதலாளியம்மா லேடீஸ் கிளப் தலைவி என்றும் தெரியும். மாமா விரலை வைத்துத் திக்கித் திக்கிப் படித்தார்.

"ரொட்டிக்கு மாவு பிசையிறவள்னு போட்டிருக்குக்கா."

அம்மா அப்போது பசை காய்ச்சுவதற்காக மைதாவைக் கட்டி தட்டாமல் பிசைந்துகொண்டிருந்தாள். பூச்சி அரிக்காமலிருக்க அதில் துத்தம் போடுவோம், அது விஷம்.

"ஏலே, அப்ப நானும் லேடிதான். என்ன, என் மாவ ஒருத்தரும் திங்க முடியாது" என்று சிரித்தாள். அந்தப் பக்கத்தை மட்டும் சுற்றாமல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆயுத பூசைக்குக் கம்பெனியில் எல்லோரும் கூடியிருந்தோம். பொரிகடலை கொடுத்து முடித்த முதலாளியம்மா, இங்கிலீஷில் ஒரு வார்த்தை அர்த்தத்தோடு சொல்கிற பிள்ளைக்குச் சிலேட்டு என்றார். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ.

"லேடின்னா மாவு பிசையிறவ. எங்கம்மா லேடி."

அவர் சிரித்துக்கொண்டே, "அப்ப நானு?" என்றார்.

"நீங்கதான் பிசைய மாட்டீகள்ல."

பொரி மென்ற சத்தம்கூட நின்றுவிட்டது. அம்மா என் கையைப் பிடித்து இறுக்கினாள். அவளுக்குத் தாள் வருவதும் அந்த வீட்டிலிருந்து, மாமாவின் வேலையும் அந்த வீட்டில்.

"யாரு சொல்லிக்குடுத்தா?" என்றார் முதலாளியம்மா.

மாமா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். "நாந்தாம்மா. அப்படியெல்லாம் எங்கனயும் இல்ல. புள்ளைகிட்டச் சும்மா வெளாட்டுக்குப் பொய் சொன்னேன்."

முதலாளியம்மா சிரித்தார். உடனே எல்லோரும் சிரித்தார்கள். சிலேட்டும் எனக்கே கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தை எடுத்து, மாமாவின் முகத்துக்கு நேராகவே கம்பியில் சுற்றி ஒட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம் அவரிடம் நான் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டதில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடமும் நின்றுபோனது.

மாமா இப்போது இல்லை. அவர் மகனுடைய பெண் விருதுநகரில் காலேஜில் படிக்கிறாள். இந்தப் பொங்கலுக்கு வந்தவளிடம், கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து, லேடிக்குப் பழைய அர்த்தம் என்ன என்று கேட்டேன். போனைத் தடவிப் பார்த்தாள்.

"ரொட்டிக்கு மாவு பிசையிறவளாம் பெரியம்மா. லார்டுன்னா அந்த ரொட்டியக் காக்கிறவராம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

உங்க தாத்தா சொன்னார் என்றேன்.

அந்த ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் அம்மா மாவில் கையை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பக்கத்த எங்கடி வச்ச?"

"சுத்திட்டேன்."

"எந்தக் குழாயில?"

வாசல் முழுக்கக் குழாய் காய்ந்துகொண்டிருந்தது. எதென்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மா பிசைவதை நிறுத்திவிட்டு அந்தக் குழாய்களையே ரொம்ப நேரம் பார்த்தாள். பசை காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.