இருபோகம் அறுக்கிறோம்

சனிக்கிழமை. ஜெர்மனியின் தென்கோடி மலைச்சரிவில் கல்லூரி நண்பர்கள் நால்வரும் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்தில் நீண்ட பிடி போட்ட அரிவாளால் புல் அறுத்துக்கொண்டிருந்த அம்மாள் தூக்கிலிருந்து பால் ஊற்றித் தருகிறாள். எந்த ஊர் என்கிறாள்.

நெல் விளையும் ஊர், வருடத்துக்கு இருபோகம் அறுக்கிறோம் என்று அரைகுறை ஜெர்மனில் பெருமையடிக்கிறேன். அவள் முகம் மலர்ந்து அரிவாளை என்னிடம் நீட்டுகிறாள்.

முதல் வீச்சிலேயே நுனி மண்ணில் குத்தி நிற்கிறது. இருவர் சிரிக்கிறார்கள். செல்லையன் சிரிக்கவில்லை. அவனும் நன்னிலம் பக்கம் எங்கள் ஊர்தான். ஸ்காலர்ஷிப்பில் வந்தவன். அவன் அம்மா எங்கள் வயலில் அறுப்புக்கு வருகிறவள்.

அம்மாள் வேகமாக ஏதோ கேட்கிறாள். எனக்குப் புரியவில்லை.

"அப்ப உங்க வயல்ல யாரு அறுக்குறாங்கன்னு கேக்குறாங்கடா" என்கிறான் செல்லையன்.

"ஆளுங்கன்னு சொல்லுடா."

போன வாரம் ஊரிலிருந்து வந்த அப்பாவின் கடிதத்திலும் அதே சொல்தான். கூலி கூட்டிக் கேட்டு ஆளுங்க வயலில் இறங்க மறுக்கிறார்களாம்.

செல்லையன் அதை ஜெர்மனில் சொல்கிறான். அம்மாள் சரிவுக்குக் கீழே அறுக்கும் இருவரைக் காட்டி, அவர்களுடைய பெயர்களைச் சொல்கிறாள். பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்கிறாள்.

"உங்க ஆளுங்க பேரு என்னன்னு கேக்குறாங்க."

எனக்கு ஒரு பெயரும் வரவில்லை. அவன் அம்மாவின் பெயரும் தெரியவில்லை. அரிவாளைப் பிடித்தபடி நிற்கிறேன்.

இரண்டு வருடமாக என்னை வாடா போடா என்பவன், தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொல்கிறான்:

"உங்களத்தான் கேக்குறாங்க. சொல்லுங்க."