றிஸ்மி மச்சானுக்கு வந்த கொடி

என் கூடப்பிறந்த ராத்தா ஸம்ஸியாவின் புருசன் றிஸ்மி மச்சானைப் பற்றிச் சாய்ந்தமருதில் யாரிடம் கேட்டாலும் "நல்ல ஓடாவி, தங்கமான மனுசன்" என்பார்கள். இப்போதுதான் சொல்கிறார்கள். கடைசிக் காலத்தில் இவர்களில் ஒருத்தரும் அவரிடம் ஒரு மர ஜன்னல்கூடச் செய்விக்கவில்லை.

மச்சான் இருபது வயதில் ஆமியில் சேர்ந்தவர். முஸ்லிம் பொடியனுக்கு அங்கே என்ன வேலை என்று ஊர் கேட்டது. தமிழ்ச் சனம் அவரைக் கண்டால் கதையை நிறுத்தியது. முகாமிலோ, முஸ்லிம்களைச் சிங்களவர் இளக்காரமாகக் கூப்பிடும் 'தம்பியா' என்ற பேரால் நக்கலடித்தார்கள். எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளினார். சண்டை முடிந்ததும் முறைப்படி விலகி வந்து தச்சுப் பட்டறை போட்டார், ராத்தாவைக் கலியாணம் முடித்தார். பழைய சீருடையை மட்டும் மினுக்கி அலுமாரியில் வைத்திருந்தார்.

ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஊரில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. சனம் பயத்தில் கறிக்கத்தியைக்கூட ஒளித்தது. ராத்தா அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி.

"அந்த உடுப்ப எரிச்சிருங்க. அல்லாக்காகச் செல்றன்," என்று அழுதாள்.

"உனக்கென்ன விசரா? களவெடுத்த உடுப்பா அது? நாட்டுக்காகப் போட்டது. நம்மட ஆக்கள்தான் வருவாங்க, நான் கதைக்கன்," என்றார் மச்சான்.

நம்மட ஆக்கள்! வந்தார்கள், அலுமாரியைத் திறந்தார்கள். மச்சான் நிமிர்ந்து நின்று சிங்களத்தில் தன் இராணுவ இலக்கத்தைச் சொன்னார். குண்டு வைத்தவர்களின் ஆளுக்கு ஆமி உடுப்பு எதற்கென்று பிடரியில் அடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவருடைய பழைய மேஜர் 'இவன் என் ஆள்' என்று ஒரு சொல் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றார் சட்டத்தரணி. நான் குருநாகல் வரை அந்த மனுசனின் வீடு தேடிப் போனேன். "ஐயா இல்லை," என்றான் வேலைக்காரன். ஐயா மாடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீ, நீயெல்லாம் ஒரு மனுசனா!

குற்றம் ஒன்றும் இல்லை என்று அடுத்த வருடம் விட்டார்கள். உள்ளே இருக்கும்போது பிறந்த மகள் அம்ஹா, வாப்பாவைக் கண்டு வீரிட்டு அழுதாள். பொலிஸ் தங்கள் பின்னாலும் வரும் என்ற பயத்தில் பட்டறைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. பிழைப்புக்குப் பழக்கமில்லாத கூரை வேலைக்குப் போனார். நற்பிட்டிமுனையில் ஈர மரத்தில் கால் வழுக்கி விழுந்து மௌத்தானார். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

ஜனாஸாவைத் தூக்கும் நேரம் ஒரு ஜீப் வந்தது. அதே மேஜர். கையில் மடித்த சிங்கக்கொடி. சந்தூக்குப் பெட்டியின் மேல் போர்த்த வேண்டுமாம்.

"வாங்கு மனே, வீட்டுக்குப் பாதுகாப்பு," என்று பள்ளிவாசல் ஆட்கள் என் காதைக் கடித்தார்கள். எனக்கும் பயம்தான். கையை நீட்டிவிட்டேன்.

கதவுக்குப் பின்னால் இருந்து ராத்தாவின் குரல் வந்தது.

"தம்பி, அத வாங்காத. உசிரோட இரிக்கக்குள்ள ஒரு சொல்லுச் செல்லாதவரு, மையத்துக்கு என்னத்தக் கொண்டு வந்திரிக்காரு?"

மேஜருக்குத் தமிழ் விளங்கும். முகம் கறுத்துப்போய் ஜீப்பில் ஏறினார். மச்சானை வெள்ளைத் துணியோடு அடக்கினோம்.

மூன்றாம் நாள் கத்தம் ஓதுமுன்பே சிவில் உடையில் இரண்டு பேர் வந்தார்கள். தேசியக்கொடியை ஏன் வேண்டாம் என்றாள் என்று ராத்தாவை விசாரிக்க வேண்டுமாம். புருசனை இழந்து இத்தாவில் இருக்கிற பெண் அந்நிய ஆண்களுக்கு முன்னால் வரமாட்டாள் என்றேன்.

"அப்ப நீ வா," என்று, கொடிக்குக் கை நீட்டிய என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள்.