ஒரு சாக்குக்கு ஒரு கிலோ

நான் பிறவியிலேயே ஒரு சந்தேகப் பிராணி. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் சிரித்தால் அன்று முழுக்க அதையே யோசிப்பேன். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் வேலை கிடைத்தபோது, இந்தக் குணம் அங்கே உதவும் என்று பெருமை வேறு பட்டேன்.

எனக்கு முன்னால் கணக்கு எழுதிய ரைட்டர் ஓய்வுபெற்றதும் அவருடைய எடை நோட்டை அலமாரியில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு எக்செல் ஷீட் போட்டேன். பழம் பறிப்பவர்கள் சாயங்காலம் ஆளுக்கு ஒரு சாக்கு கொண்டுவந்து நிறுப்பார்கள். அதில் ஈரச் சாக்கின் எடை ஒரு கிலோவைக் கழிக்க வேண்டும். அந்த ‘ஒன்றை’ மேலே ஓரமாக ஒரு கட்டத்தில் வைத்தேன். முதல் ஆளின் வரியில் அதைக் கழிக்கும் ஃபார்முலாவை எழுதினேன். விடை சரியாக வந்தது. அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே ஒரே இழுப்பு. எல்லா வரிகளும் நிரம்பிவிட்டன. எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

சாக்குகள் ஜீப்பில் ஏறி, ஒண்டிக்கடை ரவுண்டானா வழியாக, ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பல்பர் கொட்டகைக்குப் போகும். அங்கே சாக்கை உதறிக் கொட்டி, வெறும் பழத்தை மறுபடி எடை போட்ட பிறகுதான் தோல் உரிக்கும் எந்திரத்தில் போடுவார்கள். முதல் நாளே என் கணக்கைவிட அங்கே இருபது கிலோவுக்கு மேல் குறைந்தது. மறுநாளும் குறைந்தது.

நடுவில் இருந்தது ஜீப் டிரைவர் ஒருவர்தான். குப்பனூர்க்காரர், என் அப்பா வயது. தினமும் காலையில் ஒண்டிக்கடையில் எனக்காக வண்டியை நிறுத்துவார். “ஏறு கண்ணு, பனி நொம்ப இருக்குது” என்று மகளைக் கூப்பிடுவதுபோலச் சொல்வார். சாயங்காலம் லோடு ஏற்றிக்கொண்டு போகும்போது அங்கேயே இறக்கிவிடுவார். அப்படியானால் நான் இறங்கிய பிறகுதான் ஏதோ நடக்கிறது. ஒருநாள் இறங்கி டீக்கடை மறைவில் நின்று பார்த்தேன். அவர் வண்டியை நிறுத்தி ஒரு பொட்டலம் போண்டா வாங்கி, தன் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு போனார். அதையும் நேரம் போட்டு எழுதி வைத்தேன்.

பழைய நோட்டில் இப்படிக் குறைந்ததே இல்லை. அப்படியென்றால் ரைட்டரும் கூட்டு, மறைத்து எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். நேராக மேனேஜரிடம் போய் ஷீட்டைக் காட்டினேன். அவர் அன்றைக்கே டிரைவரைக் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டிரைவர் சாவியை மேஜையில் வைத்தார்.

“ஏனுங்க, என்ன காணாமப் போச்சுன்னாவது சொல்லுங்க” என்றார்.

மேனேஜர் சாவியை எடுத்து டிராயரில் போட்டார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது டிரைவர் வந்தார். அப்போதும் எடை குறைந்தது. போகிற போக்கில் பழையவர் இவருக்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

பிறகு ஒருநாள் விடாத மழை. ஒரே ஒரு அம்மாதான் பறிக்க வந்தார். அன்று இரண்டு இடத்து எடையும் சரியாக இருந்தது. மறுநாள் மழை கொஞ்சம் விட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒரு கிலோ குறைந்தது. ஜீப்பைக் கொண்டுபோய் ஒரு கிலோ பழத்தை எவன் திருடுவான்? முதல் தடவையாக என் ஷீட்டின் மீது எனக்குச் சந்தேகம் வந்தது.

இரண்டாவது வரியைத் தொட்டுப் பார்த்தேன். சாக்கு எடை இருக்கும் கட்டத்தை நகரவிடாமல் நிறுத்த ஃபார்முலாவில் டாலர் குறி போட வேண்டும். நான் போடவில்லை. கீழே இழுத்தபோது அதுவும் வரிக்கு வரி கீழே இறங்கி, ஒன்றுமில்லாத காலிக் கட்டங்களைக் கழித்துக்கொண்டிருந்தது. முதல் ஆளைத் தவிர வேறு யாருக்கும் சாக்கு எடை கழியவே இல்லை. ஊரையே சந்தேகப்பட்ட நான், முதல் வரியைப் பார்த்துவிட்டு மீதியை அப்படியே நம்பியிருக்கிறேன். எழுந்து மேனேஜர் அறைக்குப் போனேன்.

“கம்ப்யூட்டர் கூடவா தப்புப் பண்ணும்?” என்றார் மேனேஜர்.

“கம்ப்யூட்டர் பண்ணலீங்க. நான்தானுங்க பண்ணேன்.”

மேனேஜர் பழைய டிரைவரைத் திரும்ப அழைத்துவர ஆள் அனுப்பினார். திங்கட்கிழமை காலை ஒண்டிக்கடையில் அதே ஜீப் வந்து நின்றது. சொல்ல வேண்டியதையெல்லாம் ராத்திரியே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். டிரைவர் இறங்கினார். என்னிடம் வராமல் பின்பக்கம் போய்க் கதவைத் திறந்தார். காலிச் சாக்குகளை ஒவ்வொன்றாக உதறினார். மஞ்சள் பையைத் திறந்து சோற்றுத் தூக்கைக் காட்டினார். டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

“பாத்துக்கோங்க மேடம். அப்பறம் ஏறுங்க.”

“ஐயோ, வேண்டாமுங்க. தப்பு என்னுதுங்க.”

“தெரியுமுங்க. மேனேஜர் சொன்னாருங்க” என்றபடி, உட்காரும் சீட்டையும் தூக்கிக் காட்டினார்.

சீசன் முடியும்வரை தினமும் காட்டினார்.