வளையல் கழற்றிய கையும் பழைய டிராக்டர் கிளட்சும்

கிளட்ச் வேலையில் பழுது பார்க்கிறது கொஞ்ச நேரம்தான். டிராக்டரை இரண்டாகப் பிரிக்கிறதிலும் திரும்ப ஒன்றாகச் சேர்க்கிறதிலும்தான் உயிர் போகும்.

துருப்பிடித்த போல்ட்டுகளை டீசல் தட்டில் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். ஒரு போல்ட் தேய்த்தால் ஒரு வரி. பேப்பரில் கறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கைக் கட்டிக்கொண்ட அக்கா தங்கச்சிகளுக்கு இது புதுசா என்ன? எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் பிசைகிற சோற்றில் டீசல் வாசம் வருகிற வூடுதானே நமக்கெல்லாம்.

எங்கள் ஷெட் ஜமுனாமரத்தூர் ரோட்டோரம். மலைமேல் ஓடுகிற டிராக்டர்களில் பாதிக்குமேல் கீழே ஓடிக் களைத்து, கைமாறி மேலே ஏறி வந்தவை. எங்கள் ஆட்கள் மேட்டில் வண்டியை நிறுத்திப் பேச வேண்டும் என்றால் பிரேக் பிடிக்க மாட்டார்கள். பாதி கிளட்சை மிதித்துக்கொண்டு வண்டியை அந்தரத்தில் வைத்தபடியே ஊர்க்கதை முழுக்கப் பேசுவார்கள். கதை நீள நீளக் கிளட்ச் பிளேட்டு தேயும். எங்களுக்கு அடுப்பு எரியும்.

வாய் ஒருத்தருது

இந்தக் கோடையில் ஒரு டிராக்டரைப் பிரித்துச் சேர்க்கும்போது முட்டுக்கட்டை நழுவி, என் வூட்டுக்காரரின் வலது கை விரல்கள் இரண்டு பாதிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. எலும்பு கூடிவிடும், ஆனால் பிடிமானம் திரும்ப நாளாகும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவருடைய அண்ணன் திருப்பூரில் இருக்கிறார். "கை போனவனுக்கு ஸ்பேனர் எதுக்குடா, இங்க வாட்ச்மேன் வேலை வாங்கித் தர்றேன்" என்று போன் பண்ணினார். சாமை விதைப்பு முடிகிற வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் கை வராவிட்டால் ஷெட்டை மூடிவிட்டுப் போகலாம் என்று இவர் சொல்லிவிட்டார். மறுநாள் எங்கள் ரெண்டு வயசுப் பாப்பாவைத் தூளியில் போட்டுவிட்டு, பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எது என்று மட்டும் கேட்டேன்.

எனக்கு வெளி ஆட்கள் முன்னால் பேச்சு வராது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டால் யார் முகமும் தெரியாது, அது ஒரு வசதி. இவர் டின்மேல் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "இடது பக்கம், இன்னும் கொஞ்சம், ம், தளருது பாரு" என்று சொல்லச் சொல்ல நான் கழற்றினேன். முதல் வண்டி கொண்டுவந்த ஊர்க்காரர் குனிந்து என் காலைப் பார்த்தார், நிமிர்ந்து இவர் வாயைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "வாய் ஒருத்தருது, கை ஒருத்தருது. வண்டி பாவம், யார் சொல்றத கேக்கும்?"

எண்ணெய்க் குளியல்

வெள்ளையன் மாமாவின் டிராக்டர் மேட்டில் ஏறவில்லை. எஞ்சின் கத்துகிறது, சக்கரம் நகர மாட்டேன் என்கிறது. பிளேட்டு வழுக்குகிறது என்று இவர் சத்தத்திலேயே சொல்லிவிட்டார். அடியில் இருக்கிற சின்ன மூடியைத் திறந்தேன். என் நெற்றியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. எஞ்சின் ஆயில் என்று நினைத்துத் துடைத்தால், வாசம் வேறு மாதிரி. சுத்தமான நல்லெண்ணெய். கிளட்ச் மிதிக்கும்போது 'கீச்' என்று கத்துகிறதே என்று மாமா வாரா வாரம் ஊற்றியிருக்கிறார். கிளட்ச் பிளேட்டில் மட்டும் எண்ணெயே படக் கூடாது. அது காய்ந்து கிடந்தால்தான் பிடிக்கும்.

இவர் அதைச் சொன்னபோது மாமாவின் முகம் விழுந்துவிட்டது. வண்டியின் மூக்கைத் தடவிக்கொடுத்தபடி சொன்னார்: "சனிக்கெழமை ஆனா எனக்கு என் பொண்டாட்டி தலைக்கு எண்ணெய் வெக்கிறா. இதுக்கு யாரு கீறா, சொல்லு."

பாயோடு போனில் பேசியது

மாமாவுக்குப் புதுப் பிளேட்டு வேண்டும். வாணியம்பாடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற பாய்க்கு எப்போதும் இவர்தான் போன் பண்ணுவார். அன்றைக்குப் பார்த்து இவர் கையைக் காட்ட ஆஸ்பத்திரி போயிருந்தார். போனை வைத்துக்கொண்டு ஷெட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பாப்பாவே "போன், போன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் பண்ணிவிட்டேன்.

"இன்னா சைஸும்மா?" என்றார் பாய். இஞ்ச் டேப் இவர் பையோடு போய்விட்டது. கண்ணில் பட்டதைச் சொன்னேன்: "தோசைக்கல்லை விட ஒரு விரல் சின்னதுங்க." பாய் பழைய பிளேட்டைப் பேப்பர்மேல் வைத்து, சுற்றிலும் கரிக்கோடு போட்டு, நடு ஓட்டையின் பல்லையும் வரைந்து, கீழே வருகிற பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொன்னார். அப்படியே செய்தேன், சாயந்தர பஸ்ஸில் சரியான பிளேட்டு வந்தது. ஆனால் போனை வைக்கிறதுக்கு முன்னால் அவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஒரே ஒரு சந்தேகம்மா. எந்த வூட்டு தோசைக்கல்லு? உங்க வூட்டுதா, எங்க வூட்டுதா?"

ஒட்டிக்கொண்ட பிளேட்டு

சின்னப்பொண்ணு அக்கா தானே ஓட்டுவாள். அவள் வண்டி கோடை மழை பூராவும் புளியமரத்தடியில் நின்றதில், உள்ளே துருப்பிடித்துப் பிளேட்டு ஒட்டிக்கொண்டது. மிதித்தாலும் விலகவில்லை. இதற்குப் பிரிக்க வேண்டாம் என்றார் இவர். வண்டியை ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்தபடி பிரேக்கைச் சடாரென்று மிதிக்கச் சொன்னார். நாலைந்து உலுக்கலில் 'டப்' என்று விட்டுவிட்டது. இனிமேல் வண்டியைச் சும்மா நிறுத்தினால் கிளட்ச் பெடலுக்கு ஒரு கட்டை முட்டுக் கொடுத்து அமுக்கியே வையுங்கள், பிளேட்டு தள்ளி நிற்கும் என்று நான் வாய் திறந்து சொன்னேன். என் வாயில் வந்த முதல் யோசனை. அக்கா ஒரு கட்டையை எடுத்துப் புடவையில் சொருகிக்கொண்டு கேட்டாள்: "எங்க வூட்டுக்காரரும் மழை பூரா அடுப்பாண்டயே ஒட்டிக்கினு கெடந்தாரு. அவுருக்கும் ஒரு கட்டை குடேன்."

சேர்க்கிற நேரம்

பயம் எல்லாம் சேர்க்கிறபோதுதான். நல்ல மழை பெய்து விதைக்கிற பதம் வந்த நாள். எங்கள் பக்கத்து மூன்று ஊருக்கும் உழுகிற குமார் அண்ணனின் டிராக்டர் ஷெட்டில் இரண்டு துண்டாகக் கிடந்தது. பிளேட்டு மாட்டியாகிவிட்டது. கியர்பாக்ஸின் தண்டு, பிளேட்டின் நடு ஓட்டைக்குள் பல்லுக்குப் பல் உட்கார வேண்டும். ஒருவர் பின்பாதியைத் தள்ளணும், ஒருவர் கையை நடுவில் விட்டுத் தடவி வழிகாட்டணும். இவர் விரல் மாட்டியது அந்த இடத்தில்தான்.

வளையலைக் கழற்றி வைத்தேன். கையை விடப் போனேன். "இரு" என்றார் இவர். ஒரு முட்டுக்கட்டையை வைத்தார், உதைத்துப் பார்த்தார். "இரு" என்றார். இன்னொன்று வைத்தார். அப்புறம் ஒரு கல். அப்புறம் அந்தக் கல்லுக்கு ஒரு கல். முகத்தில் வேர்வை வழிந்தது. விதையை ஊற வைத்துவிட்டு வந்தவர் மாதிரி காலையிலிருந்து "சீக்கிரம்பா, சீக்கிரம்பா" என்று ஷெட் வாசலில் நடந்துகொண்டிருந்த குமார் அண்ணன், இவர் கட்டைகளைச் சுற்றிச் சுற்றி வருகிறதைப் பார்த்தார். இவருடைய வளைந்த விரல்களையும் பார்த்தார். வாசலிலேயே உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "மெதுவா பண்ணுங்கப்பா. சாமைய நாளைக்குக்கூட வெதைக்கலாம்."

தண்டு பல்லுக்குப் பல் உட்கார்ந்து, குமார் அண்ணன் அன்றைக்கே விதைத்தார் என்பது வேறு விஷயம்.

ரெண்டு பேர் வேலை

இப்போது காட்டில் சாமை விரல் உயரம் நிற்கிறது. இவருடைய சுண்டுவிரல் இன்னும் மடங்கவில்லை. மற்றவை கொஞ்சம் கொஞ்சமாக வருகின்றன. முந்தாநாள் பாப்பாவின் சட்டைப் பித்தானை அந்தக் கையாலேயே போட்டுவிட்டார். முடிகிற வரைக்கும் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். நானும்தான். ஸ்பேனரைப் பிடிக்கிறார், அழுத்தும்போது நழுவுகிறது. நழுவினால் பாப்பா எடுத்துக் கொடுத்துவிட்டு, "மெதுவா" என்கிறாள்.

நேற்று திருப்பூரிலிருந்து அண்ணன் போன் பண்ணினார். விதைப்புதான் முடிந்துவிட்டதே, எப்போது வருகிறாய் என்று கேட்டிருப்பார். நான் போல்ட் தேய்க்கிறதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். இவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. தன் கையைப் பார்த்தார், அப்புறம் தட்டில் இருந்த என் கையைப் பார்த்தார். சொன்னது இவ்வளவுதான்: "வர்றதுக்கு இல்லண்ணா. இங்க ரெண்டு பேர் வேலை கீது, ஒருத்தரா போனா ஆவாது."

மொத்தத்தில் சொல்கிறேன், நம் பிழைப்பும் கிளட்ச் மாதிரிதான், மிதித்தால் விலகும், விட்டால் சேர்ந்துகொள்ளும், இரண்டுக்கும் நடுவில் கருகுகிற வாசம் வந்தால் மட்டும் — இருங்கள், வண்டிக்கு அடியிலிருந்து கூப்பிடுகிறார், "இந்தாம்மே, பெடல் பின்னு எனக்கு எட்டல, வளையல கழட்டிட்டு வா" என்று, நான் போய் அந்தப் பின்னை மாட்டிவிட்டு வருகிறேன்.