நூற்றுப் பதினெட்டு விழுக்காடு

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் எனக்கு ஆய்வுக்கூடத் துணையாக வாய்த்தவள் பக்கத்து ஊரான காப்பாரைச் சேர்ந்தவள். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, தலைமுடியெல்லாம் கலைந்து, கிள்ளானில் இருந்த எங்கள் பள்ளிக்கு மணியடிக்கும் நேரத்தில்தான் வந்து சேருவாள். அவளுக்கு எதிலும் அவசரம். நான் நேர்மாறு. மலேசியாவில் எண்பதுகளின் தொடக்கம் அது.

அன்று கொடுத்த வேலை சுலபமாகத்தான் தெரிந்தது. லெட் நைட்ரேட் கரைசலில் பொட்டாசியம் அயோடைடு கரைசலை ஊற்ற வேண்டும். இரண்டும் நிறமில்லாமல் வெறும் தண்ணீர் போலத்தான் இருக்கும். சேர்ந்த நொடியில் மஞ்சள் பொங்கி, மெல்ல அடியில் இறங்கும். எங்கள் மலாய்ப் புத்தகத்தில் அதற்கு மெண்டாக்கான் என்று பெயர். வீழ்படிவு என்ற தமிழ்ச் சொல் எனக்குத் தெரியவந்தது வெகுநாள் கழித்து. அந்த மஞ்சளை வடிகட்டி, உலர்த்தி, நிறுத்து, கணக்குப்படி வர வேண்டியதில் எத்தனை விழுக்காடு வந்தது என்று பலகையில் எழுத வேண்டும்.

மற்றவர்கள் எண்பது, எண்பத்தைந்து என்று எழுதினார்கள். எங்களுக்கு நூற்றுப் பதினெட்டு.

"நாமதான் ஃபர்ஸ்ட் லா!" என்று அவள் என் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

எங்கள் வேதியியல் ஆசிரியை ஒரு சீனப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார். பலகையைப் பார்த்தார். "அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது?" என்று மலாயில் கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குக் காது சுட்டது. அவளுக்கோ ரோஷம் வந்துவிட்டது.

"இதைக் கண்டுபிடிக்காம நான் வீட்டுக்குப் போவ மாட்டேன்."

பொடியைக் கிளறிப் பார்த்தோம். கரண்டியில் அப்பிக்கொண்டு வந்தது. உள்ளே இன்னும் ஈரம். மறுபடி அடுப்பில் வைத்து நிறுத்தால் நூற்று ஐந்து. ஈரம் போன பிறகும் எது எடை காட்டுகிறது? கேன்டீனில் மீ கோரெங் சாப்பிடும்போது அவள் முள்கரண்டியைக் கீழே போட்டாள்.

"ஏய், நாம கழுவவே இல்லடி! அந்தப் பொட்டாசியம் உப்பெல்லாம் அதுலயே ஒட்டிக் காஞ்சிருக்கு!"

ஆசிரியையிடம் கெஞ்சி, சனிக்கிழமை காலையில் திரும்பச் செய்ய அனுமதி வாங்கினோம். இந்த முறை கழுவியே தீருவது என்று இருந்தோம். எண்ணெய்ச் சட்டிகூட வெந்நீருக்குத்தான் வழிக்கு வரும் என்பது என் யோசனை. கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கழுவினோம். லெட், அதாவது காரீயம், விஷம், தொட்டியில் ஊற்றக் கூடாது என்று ஆசிரியை சொல்லியிருந்ததால், வடிந்த தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து ஜன்னலோரம் வைத்தோம். பொடியை மெல்லிசாகப் பரப்பி, அடுப்பில் சீக்கிரமே நன்றாக உலர்த்தி நிறுத்தால், எழுபத்தொன்று.

எனக்கு அழுகை வந்தது. "எங்கடி போச்சு? ஒரு சொட்டுகூட நாம சிந்தலையே?"

அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கத்தினாள்.

சற்றுமுன் தெளிந்த நீராக இருந்த குவளைக்குள் தங்கத் துகள்கள் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தன. தகடு தகடாக, வெயில் படும்போதெல்லாம் மின்னி, அணைந்து, மறுபடி மின்னின. நான் ஓடிப்போய்க் குவளையை எடுத்தேன். அடி மட்டும்தான் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. தண்ணீர் ஆற ஆற இன்னும் பிறந்துகொண்டே இருந்தன.

"நம்ம மஞ்சள்!" என்றேன். "சுடுதண்ணியில கரைஞ்சு போயிருக்கு. ஆறினதும் திரும்பி வருது!"

சத்தம் கேட்டு ஆசிரியை பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்தார், ஏதோ தீப்பற்றிவிட்டது என்று நினைத்து. குவளையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "அதோ, உங்கள் எழுபத்தொன்று போக மீதி," என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மூன்றாம் முறையாக மஞ்சளை முதலிலிருந்து உண்டாக்கி வடிகட்டினோம். கேன்டீன் அக்காவிடம் ஐஸ் வாங்கி வந்தோம். காய்ச்சி வடித்த நீர்ப் போத்தலை அதில் புதைத்துக் குளிரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கழுவினோம். உலர்த்தினோம். எடை மாறாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்ப நிறுத்தோம். தொண்ணூற்று நான்கு. மீதி ஆறு விழுக்காட்டைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. குவளைச் சுவரில் மஞ்சள் படலம், கண்ணாடிக் கோலின் நுனி, வடிதாளின் மடிப்பு என்று கண்ணெதிரே இருந்தது. குளிர்ந்த நீரும் கொஞ்சத்தைத் தின்றிருக்கும்.

திங்கட்கிழமை அவள் பலகையில் நூற்றுப் பதினெட்டிலிருந்து தொண்ணூற்று நான்கு வரை எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தையும் எழுதினாள். வெந்நீர்க் கதையைச் சொன்னதுதான் தாமதம், வகுப்பே எழுந்தது. தங்கள் மஞ்சளில் ஒரு சிட்டிகை எடுத்துக் கொதிநீரில் கரைத்து எல்லோரும் காத்திருந்தார்கள். சிரித்தவர்கள்தான் முதலில் கத்தினார்கள். மேசைக்கு மேசை தங்கம் பெய்தது. அடுத்த பாடத்துக்கு மணியடித்தும் ஒருவரும் நகரவில்லை.