ஓரெஸ்ட் பனி தள்ளாத தெரு

எங்கள் ஊர் வெஸ்டர்பியில் பனி கொட்டிய மறுநாள் காலை எந்தத் தெரு முதலில் திறக்கும் என்பதை முடிவு செய்பவர் மேயர் அல்ல, ஓரெஸ்ட் ஹாலிஷின். முப்பத்தோரு வருடமாக நகராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறார். முதலில் ஆஸ்பத்திரித் தெரு, அடுத்து பள்ளிக்கூடத் தெரு, மூன்றாவது ஐஸ் ஹாக்கி அரங்கம். அரங்கத்துக்கு இரண்டாம் இடம் தர வேண்டும் என்று வாதாட ஊரில் ஒரு கட்சி உண்டு. ஆஸ்பத்திரியையே கொஞ்சம் காத்திருக்க வைக்கலாம் என்பவர்களும் உண்டு. அவர்கள் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஓரெஸ்ட் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல வாய்ப்பில்லாமல் போகலாம். வயது அறுபத்திரண்டு. ஹாக்கி அட்டவணையைப் பார்த்து, எங்கள் அணிக்கு வெளியூர் ஆட்டம் இருந்த சனிக்கிழமையாகத் தேடிக் கல்யாணம் வைத்துக்கொண்டவர். அவர் மனைவி வெர்னா இதை இன்றுவரை விடவில்லை.

"பாதிரியார் சம்மதமான்னு கேக்கறாரு. இந்த ஆளு தோழன் பக்கம் திரும்பி ‘ஸ்கோர் என்ன’ங்குது."

இதில் பாதிதான் உண்மை என்பார் ஓரெஸ்ட். எந்தப் பாதி என்று சொன்னதில்லை.

எங்கள் அணி பேட்ஜர்ஸ். பதினாறிலிருந்து இருபது வயது வரையுள்ள பையன்கள் பனித்தரையில் ஆடும் அணி. பாதிப் பேர் வெளியூர். அவர்கள் ஊர்க்காரர்களின் வீடுகளில் தங்கித்தான் ஆடுவார்கள். ஓரெஸ்ட் வீட்டுக் கீழ்த்தள அறையில் இதுவரை எட்டுப் பேர் தங்கிப் போயிருக்கிறார்கள். ஒன்பதாவது, பக்கத்து மாகாணமான மானிடோபாவிலிருந்து வந்த கெல்வின் ஃப்ரீசன். பதினெட்டு வயது, இருபத்தேழாம் நம்பர் சட்டை, இடக்கை டிஃபென்ஸ், அதாவது தடுப்பாட்டக்காரன். காலையில் நாலு கிண்ணம் சீரியல் சாப்பிட்டுவிட்டு, "டிபன் எப்ப?" என்று கேட்பான். அவன் காலுறைகள் காய்கிற நாற்றத்தில் வெர்னாவின் கற்றாழை ஒன்று செத்தது. இரண்டு வருடமாக அந்த வீட்டில் அவனுக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. விருந்தாளி யாராவது அதில் உட்கார்ந்தால் ஓரெஸ்ட் செருமுவார்.

பையனை வைத்திருக்கும் வீட்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வேறு அணிக்கு எந்த ஆட்டக்காரனைக் கொடுக்கலாம், பதிலுக்கு யாரை வாங்கலாம் என்று வெளியில் வாய் திறக்கக் கூடாது. எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் ஊரில் எல்லாரும் மதிக்கும் ஒரே சட்டம் இதுதான். வேக வரம்பை யாரும் மதிப்பதில்லை.

ஆட்டக்காரர்களை அணிகள் மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் ஜனவரி பத்து, மதியம் மூன்று மணி. அதற்கு முந்தைய மூன்று வாரமும் ஊரே மேலாளராகிவிடும். காலை ஏழேகாலுக்கு உள்ளூர் வானொலியில் நிகழ்ச்சி நடத்தும் கார்லா நேயர்களின் போன்களை எடுக்க ஆரம்பிப்பார். பல் மருத்துவர், பூக்கடைக்காரி, சவ அடக்கம் செய்பவர் என்று எல்லாரும் பேசுவார்கள். இந்த வருடம் எல்லாருக்கும் ஒரே குறை, கோல்கீப்பர்; ஊர்ப் பேச்சில் ‘கோலி’. எங்கள் கோல்கீப்பர் நல்ல பையன், கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கிற அளவுக்கு நல்ல பையன். 

இந்த வேதனையை எத்தனை நாள்தான் ஒரு மனிதர் மனசுக்குள்ளேயே வைத்திருப்பார்? டிசம்பர் கடைசியில் ஓரெஸ்ட் பனி வண்டியை ஓரமாக நிறுத்தி, கன்னத்தில் ஒரு கேரமெல் மிட்டாயை அடக்கிக்கொண்டு, கார்லாவுக்குப் போன் போட்டார். "டவுனுக்கு வடக்கேர்ந்து கென் பேசறேன்."

அன்றிலிருந்து கென் தினமும் பேசினார். அவர் பேசும்போதெல்லாம் பின்னணியில் பெரிய வண்டியின் இன்ஜின் உறுமும். சில நாள் வண்டி பின்னால் நகரும் பீப் பீப் சத்தமும் கேட்கும். வெஸ்டர்பியில் அந்தச் சத்தம் போடும் வண்டி ஒன்றே ஒன்று. கென் யார் என்று ஊருக்கே தெரியும் என்பது தெரியாத ஒரே ஆள் ஓரெஸ்ட்தான். கெல்வினுக்குத் தெரியுமா என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

ஜனவரி ஒன்பதாம் தேதி கார்லா குறும்பு செய்தார்.

"கென், தினமும் யாரையாவது குடுங்க குடுங்கன்னு சொல்றீங்க. உங்களுக்குப் பிடிச்ச ஆளக் குடுப்பீங்களா? உதாரணத்துக்கு, அந்த இருபத்தேழாம் நம்பர்?"

ஓரெஸ்டுக்கு மிட்டாய் தொண்டையில் இறங்கியது. தயங்கினால் தெரிந்துவிடும் என்று பயந்தார். பயந்த மனிதன் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவான்.

"தாராளமா! கோலி வேணும்னா இருபத்தேழையும் குடுக்கட்டும்! இந்த டீம்ல எவனும் தங்கம் கிடையாது!"

பீப், பீப், பீப்.

பத்து மணிக்கு டோனட் கடைக்கு வந்தபோது அவருக்கு முன்பே லைல் சாண்ட்விக் உட்கார்ந்திருந்தார். லைல் ஓய்வுபெற்ற முடிதிருத்துபவர். கத்தரிக்கோலைத்தான் கீழே வைத்தாரே தவிர, வாயை வைக்கவில்லை.

"வாய்யா. கென்னு ஒருத்தன் காலையில பொளந்து கட்டினானே, கேட்டியா?"

"நான் ரேடியோவே போடல."

"அப்படியா? பிரைடன் டீம்ல ரெண்டு கோலியாம். ஒண்ண வுட்டுடறாங்களாம். பதிலுக்கு இடக்கை டிஃபென்ஸ்தான் வேணுமாம்."

ஓரெஸ்ட் காபி மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "நம்மகிட்ட இடக்கை ரெண்டு பேரு இருக்கானுங்களே. நாலாம் நம்பர் இருக்கான்."

"இருக்கான். அவங்க மாமா கிளப்போட தலைவரா இருக்காரு." லைல் டோனட்டின் நடு ஓட்டை வழியாக ஓரெஸ்டைப் பார்த்தார். "டீம் மேனேஜரு தினமும் கார்லாவக் கேட்டுட்டுத்தான் ஆபீஸ் போவாராம். ஊரு என்ன நெனைக்குதுன்னு தெரிஞ்சிக்கிறாராம்."

"எவனோ கென் சொன்னான்னு ஆள மாத்திடுவாங்களா?"

"மாட்டாங்க, மாட்டாங்க. நீ ஏன்யா வேர்க்கிற? வெளியில மைனஸ் முப்பத்தொண்ணு."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கெல்வின் இரண்டாம் முறை உருளைக்கிழங்கு வாங்கவில்லை. வெர்னா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"மிஸ்டர் எச்," என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டே. ஹாலிஷின் என்பதை அவன் அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவான். "பிரைடன்ல ரொம்பக் குளிருமா?"

ஓரெஸ்டின் முள்கரண்டி தட்டில் மோதியது. "இங்க அடிக்கிற குளிர்தான் அங்கயும். ஏன் கேக்கற?"

"சும்மா."

வெர்னா கணவரைப் பார்த்த பார்வையில் வெந்திருந்த பீட்ரூட் மறுபடி ஒருமுறை வெந்தது.

பத்தாம் தேதி விடிவதற்குள் முழங்கால் அளவு பனி விழுந்துவிட்டது. இனி நான் சொல்லப்போவதை ஓரெஸ்ட் இன்றைக்கும் காற்றின் மேல்தான் பழி போடுகிறார்.

எங்கள் ஊரில் ஒரு பையன் கைமாறினால் அறிக்கை வருவதற்கு முன்னால் வெள்ளை வேன் வரும். கதவில் பேட்ஜர் என்ற வளைதோண்டி விலங்கின் படம் போட்ட வேன். அணியின் சாமான்களைக் கவனிக்கும் ஸ்டான் அதை ஓட்டிவந்து வீட்டு வாசலில் நிறுத்துவார். பையனுக்கு மூட்டை கட்ட ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த ஒரு நாளில் வேன் எந்தத் தெருவில் திரும்புகிறது என்று ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நிற்கும்.

ஓரெஸ்ட் ஆஸ்பத்திரித் தெருவைத் தள்ளினார், பள்ளிக்கூடத்தை, அரங்கத்தை, கடைத்தெருவை, கல்லறைக்குப் போகும் பாதையைக்கூடத் தள்ளினார்; அங்கே அன்றைக்கு அவசரமாகப் போக யாரும் இல்லை. எல்ம் தெருவை மட்டும் தொடவில்லை. எல்ம் தெருவில்தான் அவர் வீடு. தொடாததோடு நிற்கவில்லை. பிரதான சாலையில் வழித்த பனியையெல்லாம் சுருட்டிக்கொண்டு வந்து எல்ம் தெருவின் வாயில், இடுப்பு உயரத்துக்கு, ஒரு கரை கட்டினார். முப்பத்தோரு வருட அனுபவம் உள்ள கை. கரை கோடு போட்ட மாதிரி இருந்தது.

பதினொரு மணிக்கு வெர்னா போன் செய்தார்.

"ஓரெஸ்ட், நம்ம தெரு முனையில மலை கட்டியிருக்குது. யாரு வேலை?"

"காத்து."

"காத்து இவ்வளவு நேராவா கட்டும்?"

"இந்த வருஷக் காத்து அப்படி."

"பக்கத்து வீட்டு ஆளு வேலைக்குப் போக முடியாம கத்திக்கிட்டு நிக்கிறாரு. எப்ப வந்து எடுப்ப?"

"மூணு மணிக்கு மேல," என்றார் ஓரெஸ்ட். வெர்னா, கோபமில்லாத குரலில், "அட மடையா," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்யவில்லை. எல்ம் தெருவுக்கு எதிரே, கூட்டுறவுக் கடை ஓரத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டரை ஆனது. ஒரு வெள்ளை வேன் வந்தது, பேக்கரி வேன். ஒன்று நாற்பதுக்கு இன்னொரு வெள்ளை வேன் வந்தது. கதவில் பேட்ஜர் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஸ்டான் கரையைப் பார்த்தார். வேகமாக வந்தால் தாண்டிவிடலாம் என்று நினைத்தார். எங்கள் மாகாணமான சஸ்காட்செவனில் பிறந்தவன் நினைக்கக் கூடாத நினைப்பு அது. வேன் கரையின் உச்சியில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது. நாலு சக்கரமும் அந்தரத்தில் சுற்றின.

ஓரெஸ்டுக்கு ஒரு கணம் சந்தோஷம். அதை மறைப்பதற்கில்லை. இன்னும் எண்பது நிமிடம் வேன் இப்படியே கிடந்தால் போதும் என்று கணக்குப் போட்டார். ஒப்பந்தம் போனிலேயே முடிந்துவிடும், வேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்த விஷயங்கள் அன்றைக்கு அவருக்கு உதவவில்லை.

அப்போதுதான் அவர் வீட்டுக் கதவு திறந்தது. கெல்வின் மண்வாரியோடு வந்தான். அவனுக்குப் பின்னால் வாசற்படியில் பெரிய ஹாக்கிப் பை, கட்டி முடித்தபடி நின்றது. அவனுக்குச் செய்தி முன்பே வந்துவிட்டது.

பையன் முழங்காலிட்டு வேனுக்கு அடியில் பனியை வார ஆரம்பித்தான். தன்னைக் கூட்டிப்போக வந்த வண்டியைத் தானே தோண்டி எடுத்துக்கொண்டிருந்தான். ஸ்டான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆலோசனை சொன்னார். பிரைடன் இருநூற்று நாற்பது கிலோமீட்டர்; அன்று மாலையே அங்கே ஆட்டம்.

ஓரெஸ்ட் மூன்று நிமிடம் பார்த்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார். வேனைச் சங்கிலி போட்டுப் பின்னால் இழுத்தார். காற்று கட்டிய கரையை இரண்டே தள்ளில் இல்லாமல் செய்தார். அப்படியே எல்ம் தெரு முழுவதையும், தன் வீட்டு வாசல் வரை, கத்தி வைத்தாற்போல வழித்துவிட்டார். ஆஸ்பத்திரித் தெருவைக்கூட அவர் அவ்வளவு சுத்தமாகத் தள்ளியதில்லை.

வெர்னா ஐஸ்க்ரீம் வாளி நிறைய உறைந்த பெரோகியை, உருளைக்கிழங்கு பொதிந்த கொழுக்கட்டைகளை, கெல்வின் கையில் திணித்தார். "வெண்ணெயில வதக்கச் சொல்லு. தண்ணியில மட்டும் போட்டுக் குடுத்தாங்கன்னா அந்த வீட்டுல இருக்காதே."

ஓரெஸ்ட் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். வாயில் வந்தது வேறு.

"தம்பி, ரேடியோவுல எவனாவது எதாவது உளறியிருந்தா..."

"மிஸ்டர் எச்," என்றான் கெல்வின். "ரெண்டு வருஷமா அந்த பீப் சத்தத்துலதான் நான் தூங்கி எழுந்திருக்கறேன்."

ஓரெஸ்ட் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"கென் சொன்னது சரிதானே," என்றான் பையன். "கோலி இல்லாம நாம எங்க ஜெயிக்கிறது?" நாம என்றான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

அன்று சாயங்காலமே கோல்கீப்பர் வந்து சேர்ந்தான். எங்கள் ஊரில் வருகிறவன் போகிறவனுடைய கட்டிலுக்குத்தான் போக வேண்டும். ஆகவே இரண்டு வாரமாக ஓரெஸ்ட் தொண்டை கிழியக் கேட்ட கோலி, அவர் வீட்டுக் கீழ்த்தளத்துக்கே வந்து, கெல்வினின் நாற்காலியிலேயே உட்கார்ந்தான். பெயர் லூக்கா பெட்ரிக். நல்ல உயரம். சாப்பிடுவதற்கு முன் கரண்டியை மூன்று முறை தட்டுவான். ஓரெஸ்ட் செருமினார். "குளிரு ஒத்துக்கலையா?" என்று கேட்டான் லூக்கா, அக்கறையாக.

வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம். லூக்கா ஐந்து கோல் விட்டான். ஒன்று அரங்கத்தின் பாதித் தூரத்திலிருந்து உருண்டு வந்தது. பழைய கோலி அதையாவது பிடித்திருப்பான் என்று ஒரு பெண்மணி எனக்குப் பின்னாலிருந்து சொன்னார். ஓரெஸ்ட் திரும்பி அவரை முறைத்தார்.

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு கார்லா போன்களை எடுக்க ஆரம்பித்தார். தெற்கேயிருந்து டக் என்று ஒருவர் பேசினார். குரல் லைல் சாண்ட்விக்கின் குரலை உரித்து வைத்திருந்தது. "இந்தக் கோலிய எந்தக் கென் கேட்டானோ, அவன் வீட்டுலயே வச்சிக்கட்டும்!"

அடுத்த அழைப்பில் இன்ஜின் உறுமியது.

"யாரு பேசறீங்க?" என்றார் கார்லா, தெரியாத மாதிரி.

"கென்."

"சொல்லுங்க கென். இன்னிக்கி யாரக் குடுக்கலாம்?"

"யாரையும் குடுக்க வேணாம்மா. ஒரு மேட்ச்தானே ஆடியிருக்கான். இருக்கறவங்க இருக்கட்டும்."

"என்ன கென், இப்படி மாறிட்டீங்க? கடைசி நாளே முடிஞ்சு போச்சு. இனிமே யாரையும் குடுக்கவும் முடியாதே."

"தெரியும்மா," என்றார் கென். "அதனாலதான் தைரியமா போன் பண்றேன்."

பீப், பீப், பீப்.