மொட்டைக் கிள்ளியது யார்?

செங்கம் ரோட்டில் ஒரே வீட்டில் கீழே நாங்கள், மேலே மாலதி அக்கா. மொட்டை மாடி மட்டும் பொது; இரண்டு வீட்டுத் தொட்டிகளும் அங்கேதான். கார்த்திகைக்குப் பூத்துக் குலுங்கும் என் சாமந்தித் தொட்டிகளில் இந்த வருடம் ஒரு மொட்டுகூட இல்லை. அக்காதான் பூஜைக்குக் கிள்ளுகிறார் என்று சந்தேகப்பட்டு மாடிக் கதவைப் பூட்டினேன். அப்போதும் மொட்டு வரவில்லை.

“துணி காயப்போடணும், சாவி குடும்மா” என்று அக்கா வந்தார். அவரைக் கண்காணிக்க நானும் கூடவே ஏறினேன். அவர் நேராகத் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் போனார். அங்கே ஒரு தொட்டி நிறைய மொட்டு.

“தப்பா எடுத்துக்காதம்மா. என் செடிங்கள்ல நீதான் கிள்றேனு நெனச்சி, இத மட்டும் இங்க ஒளிச்சி வெச்சேன்.”

எதிர் லாட்ஜின் புது எல்.இ.டி. போர்டு விடிய விடிய எங்கள் மாடியைப் பகலாக்குகிறது. டேங்க் மறைவில்தான் கொஞ்சம் இருட்டு. இருட்டு இல்லாமல் சாமந்தி மொட்டு வைக்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது பூட்டு இல்லை. பொழுது சாய்ந்ததும் தொட்டிகளுக்குப் பழைய புடவை போர்த்துகிறேன். போர்டைப் பற்றிக் கேட்டால், “பத்து மணிக்கு அணைச்சிடறோம்மா” என்கிறார் லாட்ஜ் மேனேஜர். அதை நம்பாமல் தினமும் மாடியேறிப் பார்க்கிறேன். எனக்கு முன்பே அக்கா அங்கே நிற்கிறார். போர்டைப் பார்க்கவா, என்னைப் பார்க்கவா என்று நான் கேட்பதில்லை.